மெய்த்தீர்வுகள்: 1

ஏப்ரல் 17, திங்கள்

காலையில் குழாயில் தண்ணீர் வந்தது, ஆறு நாள் கழித்து. எல்லாக் குடத்தையும் நிரப்பி முடிப்பதற்குள் மகள் இனியாவின் பள்ளி வேன் வந்து ஹாரன் அடித்தது. தலை பின்னாமலே ஓடினாள். முழுப் பரீட்சையில் இன்னும் மூன்று பாக்கி.

ஆபீஸில் ஜெயசீலன் சார் புது வேலை கொடுத்தார். வாடிக்கையாளர் மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் போன நவம்பரில் வேலையை விட்டுப் போனாள். அதன் பிறகு அந்தப் பெட்டியை யாரும் திறக்கவில்லை. ஆயிரத்து முந்நூறு கடிதங்கள். ஜூனில் புதுப் பதிப்பு வருவதற்குள் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வேண்டுமாம். "டெஸ்டிங்ல உங்களுக்குத்தான் இப்போ வேலை கம்மி, சுகந்தி" என்றார்.

பாதிக்கு மேல் எங்கள் கணித மென்பொருளில் இருக்கும் பகுப்பாய்வுப் பலகையைப் பற்றித்தான். மதுரையிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார்: "சமன்பாட்டை டைப் செய்தவுடனே, எதுவும் கேட்காமலே, அது எந்த வகை, எத்தனை தீர்வு, வரைபடம் எப்படி என்று எல்லாம் பக்கத்தில் வந்துவிடுகிறது. பிள்ளைகள் யோசிக்கவே மாட்டேன் என்கிறார்கள். அதை மூடி வைக்க வழி உண்டா?" வழி உண்டு. அமைப்புகளில் மூன்றாவது பொத்தான். பதில் போட்டேன். ஐந்து மாதம் தாமதமாக.

ஏப்ரல் 18, செவ்வாய்

இன்று இருநூற்றுப் பத்துக் கடிதம். இட்லி மாவு புளித்துவிட்டது, ராத்திரிக்குத் தோசைதான்.

ஒரே பெண்ணிடமிருந்து மூன்று கடிதங்கள். ஆர். மேகலா, ஈரோடு பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணிதம். முதல் கடிதம் டிசம்பர் 9. அப்படியே எழுதி வைக்கிறேன்:

"ஐயா, வணக்கம். x√(x+3) = 2x என்று உங்கள் சமன் மென்பொருளில் போட்டுப் பாருங்கள். மெய்த்தீர்வுகள்: 1 என்று காட்டுகிறது. x = 1 மட்டும். ஆனால் 0 போட்டாலும் இரண்டு பக்கமும் 0 வருகிறது. இரண்டு தீர்வு. நான் தேர்வில் இரண்டும் எழுதினேன். தப்பு என்று மதிப்பெண் போட்டுவிட்டார்கள். எங்கள் சார் மென்பொருள்தான் சரி என்கிறார். தயவுசெய்து பதில் போடுங்கள்."

இரண்டாவது டிசம்பர் 20. அதே விஷயம். கடைசியில், "வரைபடத்திலேயே கோடுகள் இரண்டு இடத்தில் வெட்டுகின்றன, மேலே ஒன்று என்று எழுதியிருக்கிறது. நீங்களே பாருங்கள்." மூன்றாவது ஜனவரி 6. ஒரே வரி: "இனிமேல் பதில் வேண்டாம், நன்றி."

போட்டுப் பார்த்தேன். மெய்த்தீர்வுகள்: 1. கீழே படத்தில் இரண்டு வெட்டுப்புள்ளிகள்.

ஏப்ரல் 19, புதன்

இனியாவுக்கு லேசான ஜுரம். சமூக அறிவியல் பரீட்சைக்குப் போய்விட்டு வந்தாள்.

ஏப்ரல் 21, வெள்ளி

ஜெயசீலன் சாரிடம் காட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அரை மணி நேரம் நிரலைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. பகுப்பாய்வு தொடங்குவதற்கு முன் நிரல் சமன்பாட்டைச் சுருக்குகிறது. இரண்டு பக்கமும் x இருந்தால் இரண்டையும் x-ஆல் வகுத்துவிடுகிறது. x பூஜ்யமாக இருக்கலாமே என்று பார்ப்பதில்லை. அதனால் அந்த ஒரு தீர்வு தொலைந்துபோகிறது.

"பத்தாவது படிக்கிற பசங்க பண்ற தப்பு" என்றார். அவருக்கே சிரிப்பு வரவில்லை. "இதுக்கு டெஸ்ட் எழுதியிருந்தோமே. பாஸ்னு இருந்ததா? யார் பண்ணினது?"

"பாக்கணும் சார்" என்றேன்.

"பாருங்க. நான் ரெண்டு நாள்ல சரி பண்ணிடறேன். அந்தப் பொண்ணுக்கு இப்போ பதில் எதுவும் போடாதீங்க. எழுத்துல எதுவும் வேண்டாம்."

பழைய சோதனைப் பட்டியல் எந்த சர்வரில் இருக்கிறது என்று தேட வேண்டும்.

ஏப்ரல் 24, திங்கள்

பட்டியலைத் தேட நேரமில்லை. கடிதங்களே இன்னும் அறுநூறு இருக்கின்றன. கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேன்.

சார் சொன்னபடி நிரலைச் சரிசெய்துவிட்டார். எல்லாக் கல்லூரிகளுக்கும் திருத்தம் போய்விட்டது. கூடவே போன குறிப்பில், "சிறு மேம்பாடுகள்."

ஏப்ரல் 26, புதன்

கடிதத்தின் அடியில் அந்தப் பெண் கைபேசி எண் கொடுத்திருந்தாள். உணவு இடைவேளையில் மொட்டை மாடிக்குப் போய்க் கூப்பிட்டேன். எண் உபயோகத்தில் இல்லை. கல்லூரியைக் கூப்பிட்டேன். கணிதத் துறையில் சண்முகவேல் என்பவர் பேசினார். எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லாமல் மேகலாவைக் கேட்டேன்.

"அந்தப் பொண்ணு ஜனவரியிலயே நின்னுருச்சுங்களே" என்றார். "நல்லாத்தான் படிக்கும். வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. நீங்க சொந்தக்காரங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவரிடமிருந்து மேகலாவின் அப்பாவின் எண் கிடைத்தது.

மாலையில் என் வீட்டுக்காரர் மூச்சு வாங்க வந்தார், வண்டி பஞ்சர், இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். சாப்பிடும்போது, "என்ன, நாலஞ்சு நாளா ஒரு மாதிரி இருக்கே?" என்று கேட்டார். வெயில்தான் என்றேன்.

ஏப்ரல் 30, ஞாயிறு

பரணில் சாமான் தேடும்போது போன வருட டைரி கிடைத்தது. தேடியது அதைத்தான். மார்ச் 11, வெள்ளி:

"மதியம் இரண்டுக்கு உட்கார்ந்தேன். பலகைக்கான சோதனைகள் 41-ம் முடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று. நாலு மணிக்கே கிளம்பிவிட்டேன். இனியா பள்ளி ஆண்டுவிழா. மயில் வேஷம். முன் வரிசையில் இடம் கிடைத்தது."

ஒரு சோதனைக்குப் பத்து நிமிடம் ஆகும். முறையாகச் செய்தால்.

மே 2, செவ்வாய்

விடுமுறை முடிந்து ஆபீஸ் போனதும் பட்டியலைத் திறந்தேன். அது எங்கே இருக்கிறது என்று எனக்கு முதலிலிருந்தே தெரியும்.

மொத்தப் பட்டியலில் சோதனை எண் 118, பலகைக்கான நாற்பத்தொன்றில் ஒன்று. இரு பக்கமும் பொதுக் காரணி. எதிர்பார்க்கும் தீர்வுகள்: 0, 1. முடிவு: சரி. சோதித்தவர்: சுகந்தி மோ.

அந்தப் பெண் அனுப்பிய அதே சமன்பாடு. எங்கள் பயிற்சிக் கையேட்டிலும் அதுதான் இருந்திருக்கிறது, அதைப் பார்த்துத்தான் கல்லூரியில் கேள்வி எடுத்திருப்பார்கள். சோதனைப் பட்டியலில் பக்கத்திலேயே சரியான விடையும் எழுதி வைத்திருந்தோம். நான் ஓட்டிப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

பழைய பதிப்பை என் கணினியில் ஏற்றி, நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாக ஓட்டினேன். காலை பத்திலிருந்து ஐந்தரை வரை ஆயிற்று. முப்பத்தொன்பது சரி. இரண்டு தப்பு. அன்றைக்கு முதல் ஏழெட்டை ஓட்டியது நினைவிருக்கிறது. எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தது. மிச்சத்தையும் சரி என்று போட்டுவிட்டேன். இவ்வளவுதான் நடந்தது.

மே 7, ஞாயிறு

அக்கா வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுத் திருப்பூர் போனேன்.

இரண்டு நாள் முன்பு கூப்பிட்டபோது மேகலாவின் அப்பா போனை எடுத்து, ஒன்றும் விசாரிக்காமல் அவளிடமே கொடுத்துவிட்டார். அவள் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். இந்த வாரம் ஏற்றுமதி அவசரம் என்று ஞாயிற்றுக்கிழமையும் மதியம் வரை வேலை. கம்பெனி வாசலுக்கு எதிரே ஒரு பேக்கரியில் காத்திருந்தேன். ஒன்றரைக்கு வந்தாள். சின்ன உருவம். கழுத்தில் அடையாள அட்டை, சுடிதார் மேலெல்லாம் பஞ்சு நூல்.

சமன் மென்பொருள் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்று சொன்னதும், நின்றபடியே கேட்டாள்.

"அப்ப நான் எழுதுனது சரிதானுங்களாக்கா?"

"சரிதான்ப்பா. ரெண்டு தீர்வு. எங்க ப்ரோகிராம்லதான் தப்பு."

உட்கார்ந்தாள். மேசைமேல் கிடந்த நூல் துணுக்கை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தாள். டீ ஆறிப்போயிற்று.

பிறகு அவளே சொன்னாள். அந்தத் தேர்வு முழுக்கக் கம்ப்யூட்டரில். அவளுக்கு டைப் செய்யப் பழக்கமில்லை. "பாதி கேள்விக்குப் போறதுக்குள்ள டைம் முடிஞ்சுருச்சுங்க. போட்ட வரைக்கும் கரெக்டாத்தான் போட்டிருந்தேன். முப்பத்தெட்டு வந்துச்சு. அந்த ரெண்டு மார்க் இருந்தா நாப்பது, பாஸு." அரியர் விழுந்தால் அறக்கட்டளை கொடுத்த ஹாஸ்டல் இடம் போய்விடும். அதனால்தான் சாரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். போர்டில் 0 போட்டுக் காட்டியிருக்கிறாள். அவர் கம்ப்யூட்டரைத் திருப்பி, இதோ பார், ஒன்றுதான் என்றிருக்கிறார். மறுநாளும் போயிருக்கிறாள். மூன்றாவது நாள் அப்பாவையும் வரவழைத்து முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"எதுத்துப் பேசுனதுக்கு மன்னிப்புக் கடுதாசி எழுதச் சொன்னாங்க. 'என் விடை தவறு என்று ஒப்புக்கொள்கிறேன்'னு அதுல ஒரு வரி இருந்துச்சு. அத மட்டும் விட்டுட்டு எழுதறேன்னேன். ஒத்துக்கல."

"எழுதினியா?"

"எழுதிட்டேனுங்க. எழுதிட்டுப் பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டேன்."

"இங்கே வேலை எப்படி?" என்றேன். ஒரு நாளைக்கு எண்ணூறு பீஸ் பார்க்கிறாளாம். தையல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா. "எல்லாரும் அஞ்சாறு பீஸுக்கு ஒண்ணுதான் பிரிச்சுப் பாப்பாங்க. நான் எல்லாத்தையும் பிரிச்சுருவேன். ஸ்லோவா பண்றேன்னு திட்டு விழும்" என்றாள்.

எழுந்திருக்கும்போது கேட்டாள்: "உங்க கம்பெனில இத யாருங்க்கா கவனிக்காம விட்டது?"

"தெரியலப்பா. நிறைய பேர் வேலை செய்யறாங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "எங்க சாருக்கு ஒரு லெட்டர் எழுதித் தருவீங்களா? நான் சொன்னது சரின்னு. வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

தருகிறேன் என்றேன். பஸ்ஸில் அவிநாசி தாண்டும் வரை கண்ணை மூடியே உட்கார்ந்திருந்தேன். தூங்கவில்லை.

மே 8, திங்கள்

ஜெயசீலன் சார் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"கம்பெனி லெட்டர்ஹெட்ல குடுக்க முடியாது சுகந்தி. ஒரு காலேஜுக்குக் குடுத்தா அறுபது காலேஜும் கேக்கும். எல்லாப் பேப்பரையும் திரும்பத் திருத்தணும்பாங்க. இங்கே முப்பது பேர் வேலை செய்யறாங்க, அவங்க வீட்டையும் நினைச்சுப் பாருங்க."

"அந்தப் பொண்ணு காலேஜை விட்டு நின்னுட்டா சார்."

பேனாவை மூடினார், திறந்தார். "எனக்கும் பொண்ணு இருக்கு. சங்கடமாத்தான் இருக்கு. ஆனா முடியாது."

அவர் கெட்டவர் இல்லை. மறுபடியும் யார் கையெழுத்து என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. பட்டியல் அவருக்கும் திறக்கும்.

மே 9, செவ்வாய்

இனியாவுக்கு லீவு விட்டாயிற்று. பக்கத்து வீட்டுப் பெண்ணோடு நாள் முழுக்கச் செஸ்.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆண்டுவிழாவையும், திருப்பூரையும். பம்ப் கம்பெனியில் பதினாறு வருடம் தரச் சோதனையில் இருப்பவர். "ஒரு மோட்டாரை ஓட்டிப் பாக்காம சீல் வெச்சேன்னு வெச்சுக்கோ, அது கிணத்துக்குள்ள ஒருத்தனுக்கு ஷாக் அடிக்கும். உன்னுது அப்படி இல்லேன்னு நினைச்சுட்டே போல" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிறகு, "கம்பெனி குடுக்கலேன்னா என்ன? கையெழுத்துப் போட்டது நீதானே, நீ எழுது" என்றார்.

மே 10, புதன்

பதினொரு தடவை எழுதிக் கிழித்தேன். முதல் தடவைகளில் எல்லாம் "சோதனையில் தவறுதலாக விடுபட்டுவிட்டது" என்று வந்தது. கடைசியில் எழுதியது:

"x√(x+3) = 2x என்ற சமன்பாட்டுக்கு மெய்த்தீர்வுகள் இரண்டு: 0, 1. உங்கள் மாணவி மேகலா எழுதியது சரி. சமன் மென்பொருள் காட்டியது தவறு. இந்தச் சோதனையைச் செய்யாமலே சரி என்று கையெழுத்திட்டவள் நான். அவருடைய விடையை மறுபடி பார்க்கும்படியும், அவரிடம் எழுதி வாங்கிய மன்னிப்புக் கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். சுகந்தி மோகன்ராஜ்."

பீளமேடு தபால் நிலையத்தில் கல்லூரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு நகல் ஜெயசீலன் சாருக்கு, ஒரு நகல் மேகலாவுக்கு.

மே 12, வெள்ளி

சார் என் மேசைக்கு வந்து நின்றார். "நீங்களே எழுதிக் குடுத்துருங்க" என்றார் மெதுவாக. ராஜினாமாவை எழுதிக் கொடுத்தேன். ஒன்பது வருடத்துச் சாமான் ஒரே அட்டைப் பெட்டியில் அடங்கிவிட்டது. மீதியிருந்த நூற்றிருபது கடிதங்களுக்கும் பதில் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

மே 16, செவ்வாய்

வீட்டில் இருக்கிறேன். ஜன்னல் திரைகளைத் துவைத்தேன்.

மே 29, திங்கள்

சண்முகவேல் சார் கூப்பிட்டார். குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டார். "அன்னைக்குச் சொந்தக்காரங்கன்னு பேசுனது நீங்கதானுங்களே" என்றார். ஆமாம் என்றேன்.

துறைக்கூட்டம் போட்டிருக்கிறார்கள். மேகலாவின் விடை சரி, நாற்பது, தேர்ச்சி. ஜூனில் மறுபடி இரண்டாம் ஆண்டில் சேரலாம், ஹாஸ்டல் இடத்துக்கு அறக்கட்டளையிடம் பேசிவிட்டார்கள். அப்பா நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், பன்னிரண்டாம் தேதிக்குள். ஆனால் கல்லூரியிலிருந்து கூப்பிட்டால் அவர் போனை எடுப்பதில்லை.

"மேடம், ஒண்ணு சொல்லணும்" என்றார். "அந்தக் கேள்விக்கு விடைத்தாள் தயார் பண்ணுனது நான்தான். பலகையில வந்ததப் பாத்து அப்படியே எழுதிட்டேன். இருபத்திரெண்டு வருஷமா பாடம் நடத்தறேன். அந்தப் பொண்ணு போர்டுல போட்டுக் காட்டுனப்பவே எனக்குப் புரிஞ்சுருச்சு. புள்ளைங்க முன்னாடி ஒத்துக்க முடியலைங்க." போனை வைத்துவிட்டார்.

ஜூன் 3, சனி

மேகலாவைக் கூப்பிட்டேன். கல்லூரிக் கடிதம் வந்துவிட்டதாம். "அப்பா வரமாட்டேங்கறாருங்க. அவரு வராம நான் போக முடியாதுங்களே" என்றாள். அழவில்லை. பின்னால் மெஷின் சத்தம்.

ஜூன் 11, ஞாயிறு

நாளையோடு கெடு முடிகிறது. இந்த முறை வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

பல்லடம் சாலையில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. முன்னறையும் சமையலறையும் மட்டும். மேகலா எட்டாவது படிக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். அப்பா ரங்கசாமி தறி ஓட்டுகிறார். காது கொஞ்சம் மந்தம், தறிச் சத்தத்தில் போனது. எனக்கு நாற்காலி போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். மேகலா சமையலறை வாசலில் நின்றாள்.

"இவ்வளவு தூரம் வந்திருக்கறீங்க, சந்தோசமுங்க. ஆனா அந்தப் படிய நான் மறுக்கா மிதிக்க மாட்டேனுங்க" என்றார். "அத்தன பேரு முன்னால எங்களக் கூண்டுல நிறுத்துனாப்புல நிறுத்திப்போட்டாங்க."

சத்தமாகத்தான் பேச வேண்டியிருந்தது. அதனால் மென்று விழுங்க முடியவில்லை.

"அண்ணா, அவங்க உங்கள நிக்க வெச்சதுக்குக் காரணம் நான்தான். அந்த ப்ரோகிராமைச் சோதிச்சுப் பாத்து கையெழுத்துப் போடறது என் வேலை. நான் சோதிக்கவே இல்ல. பாத்தேன்னு பொய்யா எழுதிட்டுப் போயிட்டேன். அன்னைக்குப் பேக்கரில மேகலா கேட்டப்பவும் தெரியலேன்னு பொய் சொன்னேன்."

மேகலா வாசலில் இருந்தே சொன்னாள்: "தெரியுமுங்க்கா. லெட்டர்ல உங்க பேரு இருந்துச்சே." குரலில் கோபம் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் துலக்குகிற சத்தம். ரங்கசாமி கையை விரித்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க ஊரான் புள்ளைக்குச் செஞ்சீங்க" என்றார். "நான் பெத்தவன். ரூமுக்குள்ள அந்த வாத்தியாரு சொல்றாரு, கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதுங்கன்னு. இந்தப் புள்ள என்னப் பாத்துது. அப்பா, நான் சரியாத்தான் போட்டேன்னு சொல்லுச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? பொய் பேசாத, எழுதிக் குடுன்னேன். நம்பலீங்க. எம்பட புள்ளைய நானே நம்பலீங்க. அங்க மறுக்கா போனா அந்த ரூமப் பாக்கோணும். அதுக்குத்தானுங்க போகமாட்டேங்கறது."

மேகலாவை நான் பார்க்கவில்லை. அவள் உள்ளே போனது மட்டும் தெரிந்தது. குழாயைத் திறந்துவிட்ட சத்தம். குடம் நிறைந்து வழியும் வரை அவள் அதை மூடவில்லை.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். அப்பாவின் எதிரில் போய், அவருக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"சூப்பர்வைசருக்குப் போன் பண்ணி நாளைக்கு லீவு சொல்லோணும். காலைல ஏழு மணி பஸ்ஸுக்குப் போனாத்தான் ஆபீஸ் தொறக்கறப்ப அங்க இருக்கலாம். உங்க சட்டையக் குடுங்க, தேச்சு வெக்கறேன்."

அவர் உடனே எழவில்லை. எழுந்ததும் ஆணியில் தொங்கிய வெள்ளைச் சட்டையை எடுத்தார். பையில் இருந்த பீடிக்கட்டையும் சில்லறையையும் ஒவ்வொன்றாக வெளியே வைத்தார். சட்டையை இரண்டு கையாலும் பிடித்து அவளிடம் கொடுத்தார்.